நாலு மூலை மஞ்சள்

கவரில் விலாசம் அடித்துக் கொடுப்பது சுலபமான தொழில் என்று நினைப்பவர்கள் லேசர் பிரிண்டரின் பின்கதவைத் திறந்து பார்த்ததில்லை. எந்தக் கவர் ஒழுங்காக வெளியே வரும், எது உள்ளேயே குடியேறும் என்பது கிடர்பூரில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கும் எனக்கே பிடிபடவில்லை. என்னைப் போல முழித்துக்கொண்டு நிற்கும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இது.

தானே ஒட்டிக்கொண்டது

சுந்தரம் சார் திண்டுக்கல்காரர். மாற்றலாகி கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு வந்தவர். இளைய மகள் கல்யாணம் இங்கேயே, டாக்குரியாவில். மூத்தவள் கல்யாணத்துக்கு இவர் கையால் விலாசம் எழுதி அனுப்பிய கவரைப் பார்த்துவிட்டு, கோழி கிளறின மாதிரி கிறுக்கியிருக்கான், எனக்கு இவ்வளவுதான் மரியாதை என்று அவருடைய அக்கா வரவே இல்லையாம். அதோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோச்சு. இந்தத் தடவை விலாசம் அச்செழுத்தில் இருக்கணும், அக்கா வந்தே ஆகணும். சொல்லும்போதே மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது.

அவர் கொண்டுவந்தது தண்ணீரே வேண்டாம், அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் ரகக் கவர். மாதிரிக்கு ஒன்றை உள்ளே விட்டேன். எழுத்து அருமையாக விழுந்தது. ஆனால் உள்ளே இருக்கிற சூட்டிலும் உருளை அழுத்தியதிலும் கவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்தது. சுந்தரம் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பத்திரிகையை இனி எந்த வழியா உள்ள வைக்கிறது?"

ஜன்னல் வைத்தது

என் கடையில் வேலை பார்க்கும் வங்காளிப் பெண்மணி மாலா தீதி (தீதி என்றால் அக்கா) ஒரு யோசனை சொன்னார். ஜன்னல் வைத்த கவர் வாங்கினால் கவரில் அடிக்கவே வேண்டாமாம். விலாசத்தைத் துண்டுத் தாளில் அடித்து உள்ளே வைத்தால் கண்ணாடித் தாள் வழியாகத் தெரியுமாம். எனக்கென்னவோ அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. ஒன்றை எடுத்துச் சுந்தரம் சாரிடம் காட்டினேன்.

"நான் கல்யாணத்துக்குக் கூப்பிடுறேனா, கரண்ட் பில் கட்டச் சொல்றேனா?"

மஞ்சள் பூசியது

கடைசியில் சாதாரண வெள்ளைக் கவர் ஒன்று அமைந்தது. பளபளப்பு இல்லை, தடிமன் இல்லை, மடிப்பு சீராக இருந்தது, பசை தண்ணீர் தொட்டால்தான் ஒட்டும். கட்டாக வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். வாங்கினார். வீட்டம்மா நல்ல நாள் பார்த்து, எல்லாக் கவரிலும் நாலு மூலைக்கும் மஞ்சள் குழைத்துத் தடவி, காயவைத்துக் கொடுத்தனுப்பிவிட்டார்.

மாலா தீதி வீட்டுக் கல்யாணங்களிலும் மஞ்சள் உண்டு. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, கட்டை அப்படியே உள்ளே விட்டுவிட்டார். மஞ்சள் பொடியெல்லாம் உருளையில் அப்பி, கவர் கசங்கிச் சிக்கி, பிரிண்டர் நின்றது. இழுத்து எடுத்தபின் அடித்த தாளிலெல்லாம் ஓரத்தில் மஞ்சள். இனிமேல் மஞ்சள் இந்தக் கடைப் பக்கமே வரக்கூடாது என்று சுந்தரம் சாரிடம் கத்தியே விட்டேன். அடுத்து நின்ற லாரிக்காரர் தன் சரக்கு ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருக்கட்டும் தீதி, இன்னிக்குத்தான் என் ரசீது மங்களகரமா இருக்கு."

அக்காவுக்குப் போனது

உருளையைச் சுத்தம் செய்து, புதுக் கவர் வாங்கி, முதல் கவராக அக்கா விலாசத்தை அடித்தோம். மை தீற்றவில்லை, சுருக்கம் இல்லை. எல்லாம் தபாலில் போனது. பாக்கிப் பணம் கொடுக்கச் சுந்தரம் சார் கடைக்கு வந்திருந்தபோதுதான் அக்காவின் போன் வந்தது. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

எழுத்து லட்சணமாக இருக்கிறது என்றார் அக்கா. எனக்கு உயிர் வந்தது. அடுத்த மூச்சிலேயே, மூலையில் மஞ்சளைக் காணோமே, துக்கக் கடுதாசியா அனுப்பியிருக்கே என்று கேட்டார். சுந்தரம் சார் என்னைப் பார்த்தார், நான் மாலா தீதியைப் பார்த்தேன். அடித்து முடித்தபிறகு தடவியிருக்கலாமே என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மிஷினுக்கு மஞ்சள் ஆகலைக்கா என்று நடந்ததையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னார். முழுசாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்.

"மிஷினுக்கு ஆகலைன்னா போகுது, மஞ்சளை நானே வந்து தடவிக்கிறேன், டிக்கெட்டைப் போடு."

லேசர் பிரிண்டருக்கு எந்தக் கவர் ஏற்றது என்பதே எனக்கு இன்னும் தெளியவில்லை, இதில் அக்காமாருக்கு எது ஏற்றது என்று கேட்டால் நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.