தீவு விடுதியில் மூன்றாம் நாள்

போன மாதம் என் மகள் தன் சம்பாத்தியத்தில் எங்களை ஒரு தீவு விடுதிக்கு அழைத்துப்போனாள். கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டிருக்கும் அறை, படுத்தால் ஆளை விழுங்கிவிடும் மெத்தை, குளியலறையில் எதற்கு எது என்று புரியாத ஏழெட்டுத் துண்டுகள். விடிந்ததும் நான் செய்த முதல் காரியம், தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தது.

"உயிரோடதான் கெடக்கறேன். போய் டீ குடிங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

கல்யாணமான நாளிலிருந்து ஏசி போட்ட எந்த அறையிலும் அவளுக்கு இது பழகிப்போன விஷயம். காரணமும் தெரியும். மகளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு அம்மா மேல் இத்தனை காதலா என்று சிரித்தாள். தானாக வருகிற நல்ல பெயரை நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உண்மையில் எனக்குத் தீவு விடுதி புதிதல்ல. எங்கள் ஊரான உறுவையாற்றில் என் வயதுப் பையன்கள் பாண்டிச்சேரிக் கடற்கரையையே வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நான் மூன்று நாள் ஒரு சொகுசு விடுதியில் தங்கியவன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மணப்பட்டுக்குப் பக்கத்தில், ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் யாரோ பணக்காரர் பத்துப் பன்னிரண்டு காட்டேஜ் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். படகில்தான் போக வேண்டும். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அங்கே வேலை செய்தார். மழைக்காலத்தில் விருந்தாளிகள் வரமாட்டார்கள். மொத்தத் தீவுக்கும் மாமா ஒருவர்தான் காவல். முதலாளிக்குத் தெரியாமல் கடைசி காட்டேஜைத் திறந்து எங்களை உள்ளே விட்டார்.

நாங்கள் உல்லாசமாகப் போகவில்லை. ஒளிந்துகொள்ளப் போனோம்.

அப்பாவிடம் கரும்புக் கழனியும் ஊரில் முதல் டிராக்டரும் இருந்தன. கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்குக் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது. பின்பக்கத்தால்தான் அடித்தார் என்று பிற்பாடு எல்லோரும் அதை அவருடைய நல்ல குணமாகச் சொன்னார்கள். அம்மாவின் தோள் மண்பானை மாதிரி வீங்கியது. மறுநாள் அவர் கழனிக்குப் போனதும், அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் பஸ் ஏறினாள். சோரியாங்குப்பத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகவில்லை. அப்பா முதலில் தேடுவது அங்கேதான் என்று அவளுக்குத் தெரியும். அப்படியேதான் தேடினார். போன கையோடு வாசல் கூரையைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"'பொணமாத்தான் அவ என் கைய வுட்டுப் போவா'ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு யக்கா" என்றார் மாமா.

மாமா எனக்குச் சட்டம் போட்டார். ஆற்றுப் பக்கத்துத் திரையைத் திறக்கக் கூடாது. படகு வந்தால் வெளியே தலை காட்டக் கூடாது. யாராவது கேட்டால் நான் மாமாவின் பையன். அப்பா பேரும் ஊர்ப் பேரும் வாயில் வரவே கூடாது. "வந்துச்சுன்னா அம்மாவை உயிரோட பாக்க மாட்ட" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மிக நன்றாக மனப்பாடம் செய்துகொண்டேன். வினை அங்கேதான் பிடித்தது.

இரண்டு நாள் ராஜபோகம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி எருமை மாதிரி கிடந்தேன். மிட்டாய் போலச் சுற்றி வைத்திருந்த சோப்பைக் கடித்துப் பார்த்தேன். எங்கும் பேசாத டெலிபோனில் எங்கள் வாத்தியாரைக் கூப்பிட்டு லீவு சொன்னேன். அம்மா மட்டும் கட்டிலைத் தொடவில்லை. "வெள்ளத் துணிடா, கறை பட்டுடும்" என்று தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு ராத்திரியும் நான் எப்போது புரண்டு பார்த்தாலும் அவள் கண் திறந்துதான் இருந்தது.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது மாமா நல்ல சேதியோடு வந்தார். முதலாளிக்கு மகாபலிபுரத்தில் இன்னொரு ஓட்டல் இருந்தது. அங்கே துணி வெளுக்கும் இடத்துக்கு ஒரு பெண் வேண்டும். தங்க அறை உண்டு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம் உண்டு. மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறினால் போதும். அம்மா இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு மாமா தோள் வலிக்கு வாங்கி வந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கால் இரண்டையும் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"ஒரு நாளாவது மகாராணி மாதிரி தூங்கு யக்கா" என்று மாமா ஏசியைப் போட்டுவிட்டார். அப்போது மணி எட்டு.

காலையில் நான் கண் விழித்தபோது மாமா இல்லை. அம்மாவுக்குச் செருப்பு வாங்க பாகூர் வரை போய்விட்டு வருவதாக முதல்நாளே சொல்லியிருந்தார். இருந்த ஒரே படகையும் அவர்தான் எடுத்துப்போயிருந்தார். திரையின் ஓரத்தில் வெயில் ஏறியிருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் தூங்கப் போகும்போது அவள் விழித்திருப்பாள். நான் எழுந்திருக்கும்போது வாசல் தெளித்துக் கோலம் காய்ந்திருக்கும். வெயில் வந்த பிறகும் படுத்திருக்கிற ஒரே ஆளை நான் அதற்கு முந்தின மாதம்தான் பார்த்திருந்தேன். அது எங்கள் பெரியப்பா. அவரையும் இப்படித்தான் வெள்ளைத் துணியால் முகம் வரை போர்த்தி வைத்திருந்தார்கள்.

"யம்மா" என்றேன். இன்னும் இரண்டு தடவை சொன்னேன். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த காலைத் தொட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்த வஞ்சிர மீன் மாதிரி இருந்தது. ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் யார் காலும் அப்படித்தான் இருக்கும் என்பது, ஏசியை மூன்று நாள் முன்பு முதன்முதலாகப் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்? மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்தேன். ஏசியின் இரைச்சல்தான் கேட்டது. உலுக்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பெரியப்பாவை உலுக்கப் போய்ப் பின்மண்டையில் ஓர் அடி வாங்கியவன் நான். செத்தவர்களை உலுக்கக் கூடாது.

ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெரியப்பா சாவில் முன்வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். உடம்பு விறைப்பதற்குள் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தலைமாட்டில் விளக்கு வைக்க வேண்டும். உறவுக்குச் சேதி சொல்லியனுப்ப வேண்டும். திரையைக் கட்ட மாட்டியிருந்த தங்க நிறக் கயிற்றை அவிழ்த்தேன். முனையில் குஞ்சம் தொங்கியது. அழுதுகொண்டே அம்மாவின் கட்டைவிரல்களைச் சேர்த்து, கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சாக இரண்டு போட்டேன். அவள் அசையவில்லை. தலைமாட்டு விளக்கின் சுவிட்சைத் தட்டினேன். தலை தெற்குப் பக்கம் இருக்க வேண்டுமே என்று கட்டிலைத் திருப்பப் பார்த்தேன், அது நகரவில்லை. ஒன்பது வயதில் நான் அவ்வளவு பொறுப்பான பிள்ளை. வீட்டுப்பாடத்தில் இதில் பாதி காட்டியிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்.

பிறகு படித்துறைக்கு ஓடினேன். ஆற்றில் ஒரு பெரியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டிக் கத்தினேன்.

"யார்ரா அது? இன்னாத்துக்குக் கத்தற?"

"எங்கம்மா செத்துப்போச்சு."

அவர் வலையை அப்படியே போட்டுவிட்டுத் துடுப்பைத் தள்ளி வந்தார். "யார் வூட்டுப் புள்ளடா நீ? எந்த ஊரு?"

அப்பா பேரைச் சொன்னால் அம்மாவை உயிரோடு பார்க்க முடியாது என்று மாமா சொல்லியிருந்தார். இனிமேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அப்பா பேர், பேருக்கு முன்னால் போடும் எழுத்து, ஊர், தெரு, டிராக்டர் நிற்கும் வீடு என்ற அடையாளம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் நான் இவ்வளவு நிறைவாகப் பதில் சொன்னதில்லை.

"அழுவாத. தனியா வுடக் கூடாது, போய்ப் பக்கத்துல குந்து. நம்ம பையன வண்டில அனுப்பறேன்" என்று சொல்லிப் பெரியவர் கரைக்குப் போனார். நல்ல மனுஷன்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பசித்தது. பிணம் எடுக்கிற வரை சாப்பிடக் கூடாது என்று தெரிந்தும், மாமா வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றைத் தின்றேன். பாவி என்று என்னைத் திட்டிக்கொண்டு இன்னொன்றைத் தின்றேன். பாக்கெட் காலியானபோது மணி பதினொன்றுக்குப் பக்கம் இருக்கும். ஆற்றில் ஒப்பாரி கேட்டது.

இரண்டு படகுகள். முன் படகில் அப்பாவுடன் பிறந்த அத்தை மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னால் அப்பா. கன்னியக்கோயில் கடையில் வாங்கிய ரோஜா மாலையைக் கையில் பிடித்திருந்தார். படகு நிற்பதற்குள் முழங்கால் தண்ணீரில் குதித்து, "என்ன வுட்டுட்டுப் போயிட்டியேடி" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். அந்த அழுகை பொய்யில்லை. இன்றைக்கும் அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

நான் கூப்பிட்டு எழாத அம்மா, மாத்திரையையும் மீறி, அந்தக் குரலுக்கு எழுந்தாள்.

எழுந்தாள் என்பதைவிடத் தெறித்தாள் என்று சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் இருக்கிற குளியலறைப் பக்கம் ஓடினாள். ஓட முடிந்தால்தானே? குஞ்சக் கயிறு கட்டைவிரல்களை இழுத்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, மேஜை முனையில் நெற்றி மோதி, இரண்டு கையாலும் தரையைப் பிராண்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். குளியலறைக் கதவுக்கு ஒரு முழம் இருந்தது. அப்பா மாலையோடு வாசலில் நின்றார்.

ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது அத்தைதான். "ஐயோ, புள்ள இன்னா பொறுப்பாக் கட்டியிருக்கான் பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அழுத கண்ணோடு அப்பாவும் சிரித்தார். மண்டிபோட்டு என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். பெண்டாட்டி காலில் விழுந்தவர் என்று ஊரில் பல வருஷம் இதைக் கதையாகச் சொன்னார்கள். அவிழ்த்துவிட்டு அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் போய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்க போயிடுவ நீ?" என்றார். அப்பா அம்மாவிடம் அத்தனை மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. சண்டை தீர்ந்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கரையில் மாமா செருப்புப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். "குடு மச்சான். முள்ளு குத்தப் போவுது அவளுக்கு" என்று அப்பா அதை வாங்கிக்கொண்டார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். உயரத்திலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரமே மாமாவுக்கு வேலை போனது. எங்கள் வீட்டுக்கு அவர் பிறகு வரவில்லை. அந்த மணல்திட்டும் இப்போது இல்லை. ஏதோ ஒரு புயலில் கடல் எடுத்துக்கொண்டது.

அம்மா அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். நிஜமாகவே போன அன்று, கால்விரல் கட்டத் துணி கிழித்துக் கொடுத்தார்கள். "அவன் கையில குடுக்காதீங்கடி, எழுந்து வுழுந்துடப் போறா" என்றாள் கிழவியாகிவிட்ட அத்தை. நான்தான் முதலில் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். எடுக்கவில்லை. என் மனைவி வந்து கையைப் பிடித்து எடுக்கும்போது வெளியே பந்தல் போட்டு முடித்திருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்குத் தீவிலிருந்து திரும்பும் படகில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். விடுதியின் வெள்ளைத் துண்டை நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தாள். கறை படும் என்று அவள் இப்போது கவலைப்படவில்லை. முன்னால் அப்பாவும் அத்தையும் என் சமர்த்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"நான் எவ்ளோ நேரம்டா தூங்கனேன்?"

வெயில் வந்த பிறகும் தூங்கிவிட்டோமே என்று வெட்கப்படுகிறாள், திட்டு விழும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்ற வேண்டியது இனி என் பொறுப்பு என்று பட்டது. பதினைந்து மணி நேரம் தூங்கியவளிடம், அப்பா காதில் விழாதபடி, "கொஞ்ச நேரந்தாம்மா" என்றேன்.

"அவ்ளோதானா" என்றாள் அம்மா. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.