ஆணியில் தொங்கிய கடிகாரம்

மகள் கொடுத்த கைக்கடிகாரத்தை நான் முதலில் பார்க்கவில்லை, முகர்ந்தேன். ஆம்பூரிலும் அதைச் சுற்றியும் முப்பத்தைந்து ஆண்டுகள் தோல் பதனிட்டவனிடம் தோல் வார் போட்ட எதைக் கொடுத்தாலும் மூக்குதான் முந்திக்கொள்ளும். கடுக்காயும் மரப்பட்டையும் போட்டுப் பதனிட்ட தோல். மேலே மெழுகு. எண்ணெய் மட்டும் ஒரு துளி ஜாஸ்தி.

"மணி பார்க்கக் குடுத்தா மோந்து பார்க்கறீங்களேப்பா" என்றாள் மகள்.

"மாமா, இது கடல்ல முழுகறவங்க கட்டற வாட்ச்சு. இருநூறு மீட்டர் ஆழத்துலயும் ஒரு சொட்டு உள்ள போகாது" என்றார் மாப்பிள்ளை.

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "பாலாத்துல தண்ணி ஓடினப்பவே கணுக்கால் நனையாம கரையில நின்னவரு. இவருக்கு எதுக்கு இருநூறு மீட்டரு?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் அன்று மாலையே வாளியில் தண்ணீர் பிடித்து, வாரை வெளியே பிடித்துக்கொண்டு கடிகாரத்தை மட்டும் முக்கிப் பார்த்தேன். எழுபத்தாறு வயதில் செய்யக்கூடிய காரியமா என்று கேட்காதீர்கள். உண்மையாகவே ஒரு சொட்டும் போகவில்லை.

ஒரு வாரமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகச் செய்ததுதான், ஆனால் அறுபது வருடத்துக்கு முந்தைய அச்சு. கண்ணாடி தட்டையாக இல்லை; நடுவில் லேசாக உப்பி, ஓரத்தில் தாழ்ந்து, சாய்த்துப் பார்த்தால் எண்கள் நீருக்குள் கிடப்பதுபோல் நெளிகின்றன. டயல் மினுக்காத கறுப்பு. இருட்டில் ஒளிரும் புள்ளிகளை வெள்ளையாக விடாமல், பல வெயில் கண்டதுபோல் பழுப்பாகச் செய்திருக்கிறார்கள். புதிய தோலைப் பழையதுபோல் காட்ட நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. இவர்கள் எங்களைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். சாவி கொடுக்கும் குமிழைத் திருகி மூடினால் மரை ஒரே சீராக இறங்கி, போதும் என்று தானே நிற்கிறது. உடம்பின் மேற்பக்கம் மங்கலாகத் தேய்த்த எஃகு, விளிம்பில் மட்டும் மயிரிழை அளவுக்குப் பளபளப்பு. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

எல்லாவற்றையும்விட, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் அந்த வளையம். அதில் ஒரு முக்கோணம் உண்டு. முழுகுகிறவர் தண்ணீருக்குள் இறங்கும்போது முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருகி வைத்துக்கொள்வார். பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அத்தனை நிமிடம் போயிருக்கிறது. இந்தக் கடிகாரத்தில் வளையம் இடப்பக்கமாக மட்டுமே சுற்றும். தெரியாமல் இடித்து நகர்ந்தாலும் போன நேரத்தைக் கூடுதலாகத்தான் காட்டும்; ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், மூச்சு முட்டிச் சாக மாட்டார். மாப்பிள்ளை இதை விளக்கியபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வளையம் முன்பே தெரியும் என்று சொல்லவில்லை.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கலவை என்ற சிற்றூரிலிருந்து சென்னைக்குப் போய்ப் படித்தவன் என்ற திமிர் கொஞ்சம். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். சேர்ந்த மாதமே அங்கிருந்த அமில ஆவியில் என் கைக்கடிகாரம் கறுத்து நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரம் எனக்கு முன்பே நின்றிருந்தது. சுழலும் பெரிய மர டிரம்களுக்கு நடுவே நேரம் காட்டிய ஒரே பொருள் கரீம் பாயின் கையில் இருந்தது.

கரீம் பாய் டிரம் ஓட்டுகிறவர். கப்பலில் வேலை பார்த்த மச்சான் கொண்டுவந்து கொடுத்த, கடலில் முழுகும் கடிகாரம். வாரை மட்டும் தானே ஆட்டுத்தோலில் வெட்டித் தைத்திருந்தார். "வாட்ச்சு முழுகும் தம்பி, எனக்குத்தான் நீச்சல் தெரியாது" என்பார். அந்த வளையத்தை அவர் சோடாவுக்கு வைத்திருந்தார். தோலை நீலமாக்கிப் பதனிடும் குரோம் உப்பு உள்ளே இறங்கிய பிறகு அதைப் பிடித்து நிறுத்தச் சோடாக் கரைசலை டிரம்முக்குள் ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றக் கூடாது, அரை மணிக்கு ஒரு முறை. அவசரப்பட்டால் மேல்தோல் சுருங்கிச் சொரசொரவென்று ஆகிவிடும். அந்தத் தோலை ஒருவரும் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை ஊற்றியதும் பாய் முக்கோணத்தை முள்ளுக்கு நேராக வைப்பார். முள் முப்பதைத் தொட்டால் அடுத்தது.

தொழுகைக்குப் போகுமுன் கை கால் கழுவ வேண்டுமே, வார் நனையக் கூடாது என்று கடிகாரத்தைக் கழற்றி டிரம் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். தண்ணீர் புகாத கடிகாரத்துக்குத் தண்ணீர் ஆகாத வார். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அன்று பிற்பகல் அவர் போனதும், ஆணியிலிருந்து அதை எடுத்துவிட்டேன். சும்மா பார்க்கத்தான். கனம் பிடித்திருந்தது. வளையத்தைத் திருகினேன், டக் டக்கென்று நகர்ந்தது. பழைய கடிகாரம், இரண்டு பக்கமும் சுற்றும். செருப்புச் சத்தம் கேட்டது. முக்கோணத்தை முன்பு இருந்ததாகத் தோன்றிய இடத்தில் வைத்து மாட்டிவிட்டேன்.

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "அட, முப்பது ஆய்ட்டுதா? இன்னிக்கு ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல."

கால் மணிகூட ஆகியிருக்காது என்று என் மனம் சொன்னது. வாய் திறக்கவில்லை. திறந்தால் கடிகாரத்தை எடுத்ததைச் சொல்ல வேண்டும். அவர் கடைசித் தவணையாக மிச்சமிருந்த சோடாவையும் ஊற்றினார்.

மறுநாள் காலை டிரம்மைத் திறந்தபோது ஒரு தோல்கூடத் தேறவில்லை.

"இன்னா பாய், இத்தினி வருஷ சர்வீஸ்ல இப்பிடிப் பண்ணிட்டியே!" என்று மேனேஜர் கத்தினார்.

"வாட்ச்ச பார்த்துத்தான் சார் ஊத்தினேன்."

"அப்போ வாட்ச்சு பொய் சொல்லுதா?"

பாய் என் பக்கம் திரும்பவில்லை. "வாட்ச்சு பொய் சொல்லாது சார்" என்றார்.

அவரைச் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றினார்கள். மயிர் உதிர்க்கத் தோலை ஊறவைக்கும் இடம். சுண்ணாம்பு விரல் இடுக்கை அரித்துப் புண்ணாக்கும். ஒரு வருடத்துக்குமேல் அவர் அங்கே நின்றார். இரண்டே மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. அந்த உத்தரவை வைத்துத்தான் பெண் கேட்டோம். இந்த வீடு, மகள், இந்தக் கடிகாரம், எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

பல வருடம் கழித்து, ஆம்பூரில் நான் மேனேஜராக இருந்தபோது, ஒரு வேலையாக மேல்விஷாரம் போனேன். டீக்கடையில் பாய். அதே கடிகாரம், புது வார். உட்கார்ந்து, எப்படியோ ஆரம்பித்தேன். "பாய், அன்னிக்கு அந்த டிரம்முல…"

"தெரியும் தம்பி. வளையத்துல உங்க கட்டவெரல் நீலமா பதிஞ்சிருந்துச்சே. எங்க எல்லாருக்கும் சோடா வெள்ளதான் ஒட்டும். குரோம் தோலை வெட்டிப் பார்க்கறது நீங்க ஒருத்தர்தானே. ஊத்தினப்புறம்தான் கண்ணுல பட்டுது. தொடச்சிட்டேன்."

"ஏன் பாய் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "ரொம்ப நாள் பார்த்தேன். அப்புறம் மறந்துட்டேன். டீ ஆறுது, குடிங்க" என்றார்.

குடித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் கேட்கவில்லை, நானும் சரியாகச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குப் பிறகு பெருநாள்தோறும் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அவர் போய்ச் சேரும் வரை வந்தது.

நேற்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் புதுக் கடிகாரம் ஆணியில் தொங்கியிருந்தால் அன்று தப்பித்திருப்போமா? இல்லை. போன நேரத்தைக் கூட்டிக் காட்டுவது முழுகுகிறவரைக் காக்கும், சோடாவைக் கெடுக்கும். நான் அன்று திருகியதும் அதே இடப்பக்கம்தான். எவ்வளவு நல்ல வேலைப்பாடும் என்னிடமிருந்து பாயைக் காப்பாற்றியிருக்காது. நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது காப்பாற்றியிருக்கும்.

அந்தத் தொழிற்சாலை இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மற்ற இடங்களில் சோடாவை இயந்திரமே அளந்து, இயந்திரமே ஊற்றுகிறது. டிரம் பக்கத்தில் ஆணி இல்லை, நேரம் கேட்க ஆளும் இல்லை. ஓய்வு பெற்ற சில வாரங்களில் என் நகக்கண்ணிலிருந்த நீலமும் போய்விட்டது.

தினமும் வளையத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். எஃகில் கட்டைவிரல் ரேகை பதிகிறது, நிறமில்லாமல். வேட்டி நுனியால் நானே துடைத்துவிடுகிறேன்.