நான் பூசிய நீலம்

சுனாமிக்கு அடுத்த வருடம், கடலூர் அருங்காட்சியகத்தில் கோடை ஓவியக் கண்காட்சி. மாணவர்களின் படங்களை மாட்டுவதற்கு முன் திருத்துவது ஓவிய ஆசிரியரான என் வழக்கம். செல்வி கடல் முழுக்கக் கறுப்பு தீட்டியிருந்தாள். கடலென்றால் நீலம்தானே என்று, பெரிய மேதாவி மாதிரி மேலே நீலம் பூசிவிட்டேன்.

கண்காட்சிக்கு வந்த அவள் அப்பா, மீன்பிடிக்கிறவர், அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"யாரு சார் நீலம் அடிச்சது?"

"நான்தான். பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு."

"அன்னிக்குத் தண்ணி கறுப்பாத்தான் சார் வந்துச்சு. அதுக்குள்ள அவுங்கம்மாவ வரைஞ்சிருந்தா."

கிட்டே போய்ப் பார்த்தேன். நீலத்துக்கு அடியில், கைகளைத் தூக்கிய ஓர் உருவம் தடிப்பாகப் புடைத்திருந்தது.

அதன்பிறகு எந்தப் பிள்ளையின் படத்திலும் நான் தூரிகை வைத்ததில்லை. கடற்கரைக்குப் போனாலும், தண்ணீர் நீலமாக இருந்தால் திரும்பிவிடுகிறேன்.