பரசு பார்த்த சாம்பல் நிறங்கள்

எபாக்ஸி பிசினின் நெடி... அதோடு கலந்த ஈர நிலக்கரி வாசனை. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. ஜியாலஜி படித்த 2006-ஐ நினைத்தால் முதலில் மூக்கில் வந்து நிற்பது இதுதான்.

நிலக்கரியைப் பொடித்து, பிசினில் கலந்து, சின்ன வில்லையாக உறைய வைத்து, கண்ணாடி மாதிரி பளபளக்கும்வரை பாலிஷ் செய்ய வேண்டும். நகக்கண்ணில் ஏறிய கருப்பு லேசில் போகாது.

என் லேப் பார்ட்னர் பரசு. திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். நான் கடலூர் முதுநகர்.

முதல் செமஸ்டரில் பாறைச் சீவல்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, தெரியும் நிறத்தைக் கொண்டு கனிமத்தைச் சொல்ல வேண்டும். பரசு சிவப்பைப் பச்சை என்பான். வகுப்பே சிரிக்கும். ஒருநாள் டீக்கடையில் மெதுவாகச் சொன்னான்.

"யார்கிட்டயும் சொல்லாத மச்சான். செவப்பு, பச்ச ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

படிப்பை விட்டுவிடுவான் என்றே நினைத்தேன்.

அடுத்த செமஸ்டரில் நிலக்கரி வந்தது. வடக்கே, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு ஏரியாக இருந்த ஒரு படுகையில் வெட்டிய சாம்பிள். மைக்ரோஸ்கோப்பில் நிலக்கரிக்கு நிறமே கிடையாது... எல்லாம் சாம்பல்தான். மரமாக இருந்தது ஒரு சாம்பல், தீயில் கருகியது வெளுத்த சாம்பல், பாசியும் மகரந்தமும் இருண்ட சாம்பல். எங்களுக்கு எல்லாமே ஒரே மூட்டம்.

பரசு மட்டும் கண்ணை எடுக்கவே இல்லை.

"இது மரம். இது கருகுனது. ஓரத்துல பாசி, பாரு... ஏரியில மெதந்துருக்கும். கடல் தண்ணி ஏறுன எடம்னா பைரைட் கனிமம் ஜாஸ்தியா மின்னும். இதுல அவ்வளவா இல்ல. நல்ல தண்ணிதான் மச்சான்."

"எப்பட்றா சொல்ற?"

"வேற வேறயாத்தான இருக்கு? ஒனக்குத் தெரியலயா?"

அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. சிரித்தவர்கள் எல்லாம் தங்கள் வில்லையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்து நின்றார்கள்.

2008-இல் ஒரு கம்பெனியின் நிலக்கரி லேபுக்கு இன்டர்வியூ நடந்தது. ஒரே ஒரு வேலை. பரசுவை எடுத்தார்கள். அவனுக்கு அடுத்த இடம் எனக்கு.

மெடிக்கல் டெஸ்ட் கடலூரில். துணைக்குப் போனேன். கலர் கலராகப் புள்ளி வைத்த புத்தகத்தை நீட்டி, உள்ளே என்ன நம்பர் என்று கேட்பார்கள் என எங்கள் இருவருக்குமே தெரியாது.

வெளியே வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"வெறும் புள்ளிதான் மச்சான் தெரிஞ்சுது. நம்பரே காணோம்."

முதுநகர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா மீன் குழம்பு ஊற்றியபடி, "வேல கெடச்சிடுச்சா தம்பி?" என்று கேட்டது. "கெடச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகு எனக்கு போன் வந்தது. அந்த வேலைக்குத்தான். போகமாட்டேன் என்றேன். பரசு திட்டினான்.

"லூசாடா நீ? நீ போவலன்னா எனக்கா குடுப்பாங்க?"

நான் வேலையில் சேரப் போன அன்று முதுநகர் ஸ்டேஷனுக்கு ஏற்றிவிட வந்தான். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தான்.

"அவசரப்படாத மச்சான். கொஞ்ச நேரம் பாத்துகிட்டே இருந்தா சாம்பல் தானா பிரியும்."

பிரியவில்லை... பல வருஷம். இன்றைக்கும் சில வில்லைகளின் ரிப்போர்ட்டில் சந்தேகத்தோடுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

பரசுவுக்கு இப்போது திட்டக்குடியில் உரக்கடை. இரண்டு பெண் பிள்ளைகள். நன்றாகவே இருக்கிறான். ஆனால் என் வேலையைப் பற்றி அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

போன மாதம் நானே பேச்செடுத்தேன். இப்போதெல்லாம் கேமரா படம் எடுக்கிறது, சாஃப்ட்வேரே சாம்பலைப் பிரித்து எண்ணிவிடுகிறது என்றேன்.

சிரித்தான். "அப்ப எனக்குக் கெடச்சிருந்தாலும் இந்நேரம் தூக்கியிருப்பாங்கன்னு சொல்லு."

"ஆமாண்டா" என்றேன்.

உண்மை அதுவல்ல. மெஷின் பாசியையும் களிமண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் இடத்தில், இன்றைக்கும் ஒரு மனிதக் கண் வேண்டும். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.