நேரான தலை

குழந்தை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் தெசாங்கா கைகளைக் கழுவி, உள்ளங்கைகளைத் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள். அதுவரை தொட்டிலருகே நின்று பார்ப்பாள். க்னியாஷெவாட்ஸ் ஊரில் இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போகும் நர்ஸ் அவள். தொடுவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும் என்பாள்.

மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கும் திஹோமிரின் வீட்டிலும் அப்படித்தான் நின்றாள். மூன்று மாதக் குழந்தை வூக்கானின் இடது இமை பாதிக்கு மேல் எழவில்லை. மோவாயைத் தூக்கித் தூக்கி அவளைப் பார்த்தான்.

"பொறந்ததிலேர்ந்தே இப்படியா?"

திஹோமிர் சுவரைக் காட்டினான். படங்களில் இருந்த அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இடது கண் பாதி மூடியிருந்தது. அவனுக்கும் அப்படியே.

"எங்க வீட்டு முத்திரை சிஸ்டர். பன்றி வேட்டையில மத்தவனெல்லாம் ஒரு கண்ண மூடிக் குறி பாக்கணும். எங்களுக்கு அந்த வேலை மிச்சம்."

"மோவாயைத் தூக்குற வரைக்கும் அந்தக் கண்ணாலயும் பாக்குறான். இருந்தாலும் நிஷ் பெரியாஸ்பத்திரில கண் டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடுங்க."

காட்டவில்லை. ஒன்பதாம் மாதம் அவள் போனபோது திஹோமிர் வாசலுக்கே வந்தான்.

"தலை நேராயிடுச்சு சிஸ்டர்! மோவாயைத் தூக்குறதே இல்ல. தானா சரியாயிடுச்சு பாத்தீங்களா!" பிளம் சாராயம் ஊற்றி நீட்டினான்.

தெசாங்கா அதைத் தொடவில்லை. குழந்தையின் இடது கண்ணைக் கையால் மறைத்தாள். அவன் பாட்டுக்குக் கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். வலது கண்ணை மறைத்ததும் வீறிட்டு அவள் கையைத் தள்ளினான்.

"இமை அப்படியேதான் இருக்கு. தூக்கிப் பாக்குறதத்தான் விட்டுட்டான். அந்தக் கண்ணு பாக்கவே மறக்குது. இன்னும் விட்டா, அப்புறம் ஆபரேஷன் பண்ணி இமையத் தூக்கினாலும் பார்வை வராது."

"எம்புள்ள மூஞ்சில கத்தி வைக்க விடமாட்டேன். நான் என்ன குருடாவா இருக்கேன்?" என்றான் திஹோமிர். தெசாங்கா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மூன்றாம் நாள் காலை, சுகாதார நிலையம் திறக்கும் முன்பே அவன் வாசலில் நின்றான். "நிஷ்ல எந்த டாக்டர்?" என்று மட்டும் கேட்டான். தெசாங்கா பெயரை எழுதிக் கொடுத்தாள்.

நிஷ் ஆஸ்பத்திரியில் இமையை நெற்றித் தசையோடு மெல்லிய இழையால் இணைத்தார்கள். தூங்கும்போது கண் முழுதாக மூடாததால் களிம்பு தடவ வேண்டியிருந்தது. தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மறைக்க வேண்டும். வூக்கான் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். அவன் அம்மா ரொசாந்தா இரண்டு கையிலும் ரொட்டியைத் திணித்துச் சமாளித்தாள். மூன்று வயதில், இடது கண்ணால் மட்டும் பார்த்து, தரையில் ஓடும் எறும்பைத் தெசாங்காவுக்குக் காட்டினான்.

அன்றுதான் ரொசாந்தா சொன்னாள். தெசாங்கா கோபமாகக் கிளம்பிப் போன அந்த நாளில், திஹோமிர் மேஜையருகே உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டானாம். இன்னொரு கை விரலால் இடது இமையைத் தூக்கிப் பிடித்து, "புள்ளையக் கொண்டா" என்றானாம். குழந்தையோ அவனுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.