ஒற்றைக் குதிரைப் படை

ஆண்டில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் சூசைநாதன் ஈப்போவில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் சாணி அள்ளினார். மிச்சமிருந்த ஒரு நாள் உரோமைப் பேரரசின் குதிரைப்படைத் தளபதியாக இருந்தார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னால் குதிரைகள் வருத்தப்படும். ஆனால் உண்மை அதுதான்.

கோப்பெங் ஊரிலிருந்து உள்ளே போகிற வெள்ளைப்பாறை ரப்பர் தோட்டத்தில், புனித வெள்ளிதோறும் சந்தியாகப்பர் கோயில் முற்றத்தில் பாஸ்கு போடுவார்கள். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போவது முதல் சிலுவையில் உயிர் விடுவது வரை நடித்துக் காட்டுகிற நாடகம். அதில் 1969 முதல் சூசைநாதனுக்கு ஒரே ஒரு வசனம். பிற்பகல் மூன்று மணிக்கு இயேசு தலை சாய்த்ததும், குதிரைமேல் இருக்கும் தளபதி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, இறந்தவர் குற்றமற்றவர் என்று உரக்க அறிவிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டதும் பின்வரிசையில் கச்சான் கொறித்துக்கொண்டிருப்பவர்கள்கூட உரித்த கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுவார்கள். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற இருளாயி எல்லோருக்கும் முன்னால் அழுவாள். லாயத்தில் சூசைநாதன் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. வீட்டில் மனைவி கெர்ட்ரூட் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டது அந்த ஒரு வசனத்தைத்தான்.

குதிரை நிஜக் குதிரை. ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு தவுக்கேயுடையது, அதாவது சீன முதலாளியுடையது. பதினேழு பந்தயம் ஓடி, பதினேழிலும் மற்ற குதிரைகளின் பின்புறத்தை நிதானமாக ஆராய்ந்த அனுபவசாலி. விற்க மனம் வராமல் தவுக்கே அதை லாயத்தின் கடைசியில் கட்டி வைத்திருந்தார். சாமி காரியம் என்று கேட்டால் ஆண்டுக்கு ஒரு நாள் லாரியில் ஏற்றி அனுப்புவார். மனிதர்களை அது பார்க்கும் பார்வையை வைத்துத் தோட்டத்து மக்கள் அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போதும் சாதுதான். ஒரு பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. பந்தயத்தில் கதவு திறக்கும்போது மணி அடிப்பார்கள் அல்லவா? எங்கே எந்த மணி அடித்தாலும் தொரை ஓடும். எங்கே போகிறோம் என்று கேட்காது.

இதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. பெரிய வியாழன் இரவு தொடங்கிக் கோயில்களில் மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். தொரை தைரியமாக நடிக்கக்கூடிய ஒரே நாள் புனித வெள்ளி என்று சூசைநாதன் கண்டுபிடித்திருந்தார். மீதியிருந்தது ஐஸ்கிரீம் அப்பேக்கின் மணி. கூட்டம் எங்கேயோ அங்கே அந்தச் சீனப் பெரியவரின் சைக்கிள் வந்து நிற்கும். அதற்கும் ஏற்பாடு இருந்தது. இரண்டரை மணிக்கு உரோமைச் சிப்பாய் ஒருவர், மைலோ டின்னை வெட்டிச் செய்த கவசமும் பால் வாளி மூடிக் கேடயமுமாகப் போய், அப்பேக்கிடமிருந்து மணியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். அந்தச் சிப்பாய் சவரிநாதன், கெர்ட்ரூடின் தம்பி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. சவரி பார்த்துக்கொள்வான் என்பதுதான் சட்டம்.

சிப்பாய்கள் மொத்தம் ஐந்து பேர். ஐவரும் நடந்தார்கள். குதிரைப்படை என்கிறீர்களே, குதிரை எங்கே என்று யாராவது கேட்டால், "தளபதிக்கு வந்துருச்சு. எங்களுக்கு ஆர்டர் பண்ணிருக்கு" என்பார்கள்.

உள்நாட்டுப் போர் 1977இல் ஒரு பேசின் காரணமாக வந்தது.

பிலாத்து கை கழுவுவதற்குத் தோட்டத்தில் ஓரம் அடிபட்ட எனாமல் பேசின் ஒன்று இருந்தது. பிலாத்தாக நடிக்கிற லியோனார்ட், தோட்டத்தில் பிறந்து ஈப்போவில் குமாஸ்தாவாக, அதாவது கிராணி வேலைக்குப் போய், அதே ஊரின் குனோங் ராபாட்டில் தொடர்வீடு வாங்கியவர். அந்த ஆண்டு ஒத்திகைக்கு அவர் சிவப்புப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓர் ஆளுநர் இப்படிப்பட்ட துருப்பிடித்த பாத்திரத்தில் கை கழுவமாட்டார் என்பது அவர் வாதம். பாஸ்கு கமிட்டித் தலைவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஐயாவு மண்டோர், ஒத்துக்கொள்ளவில்லை. ஐயாவு இந்து. ஆனாலும் பதினைந்து ஆண்டுகளாக அவர்தான் தலைவர். கிறிஸ்தவர்கள் யாரைத் தலைவராக்கினாலும் மற்ற கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

"இந்த பேசின்லதான்லா நம்ம சாமி செத்தாரு. இதுக்கு என்னா குறைச்சல்?" என்றார் ஐயாவு.

"எங்க சாமி, மண்டோர்" என்றார் லியோனார்ட்.

அதோடு போர் மூண்டது. தோட்டத்திலேயே இருந்தவர்கள் எனாமல் கட்சி ஆனார்கள். டவுனுக்குக் குடிபோனவர்கள் பிளாஸ்டிக் கட்சி ஆனார்கள். எனாமல் கட்சிக்குக் கோயில் முற்றம். பிளாஸ்டிக் கட்சி அரை மைல் தள்ளித் தமிழ்ப்பள்ளித் திடலில் மேடை கட்டியது. ஒரே நாள், ஒரே நேரம். இரண்டு பிலாத்து, இரண்டு யூதாஸ். பங்குச் சாமியார் இரு தரப்புக்கும் ஆசி அனுப்பிவிட்டு, கோலா கங்சாரில் அவசர ஜெபம் இருப்பதாகக் கிளம்பிவிட்டார். கிடைக்காத பொருள் ஒன்றுதான்: குதிரையில் ஏறத் தெரிந்த தளபதி.

இரு தலைவர்களும் ஒரே சாயங்காலம் லாயத்துக்கு வந்து நின்றார்கள். சூசைநாதன் தொரையின் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"நம்ம பக்கம் மைக் இருக்கு. ஒங்க வசனம் கோப்பெங் வரைக்கும் கேக்கும்" என்றார் லியோனார்ட்.

"மைக் இல்லாமலே எட்டு வருசம் கேட்டுச்சே லா. சூச, நீ பொறந்த லயத்து வீடு எந்தத் தோட்டத்துல இருக்கு? அத மட்டும் சொல்லு" என்றார் ஐயாவு.

சூசைநாதன் குளம்பைக் கீழே விட்டார். "நான் தளபதி. என் ஆளுங்க எங்க நிக்கிறாங்களோ அங்கதான் நான் நிப்பேன்."

வீரமான பதில்தான். ஆனால் ஐந்து பேரில் மூவர் எனாமல் பக்கம் நின்றார்கள், இருவர் பிளாஸ்டிக் பக்கம். சூசைநாதன் பெரும்பான்மையோடு போனார். பிளாஸ்டிக் பக்கம் போன இருவரில் ஒருவன் சவரிநாதன். அவனும் போன வருடம்தான் குனோங் ராபாட்டில் வீடெடுத்திருந்தான். ஒரு வாரத்தில் செய்தி வந்தது: பிளாஸ்டிக் கட்சியின் குதிரைப்படைத் தளபதி சவரிநாதன், வாகனம் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள். முன்னால் அட்டையில் வரைந்த குதிரைத் தலை கட்டப்படும்.

"ஒன் தம்பி ஹோண்டாவுல உரோமாபுரிக்குப் போறானாம்" என்றார் சூசைநாதன் வீட்டில்.

"போகட்டுமே. அவன் மோட்டாருக்குப் புல்லு அறுக்க வேணாம்" என்றார் கெர்ட்ரூட்.

"என் வசனத்த அவன் சொல்லுவானாம்."

"ஒரு மாசமா குளிக்கிற ரூம்ல சொல்லிப் பாக்குறானாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கே மனப்பாடம் ஆயிருச்சாம்."

சூசைநாதன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தவக்காலம் என்று காரணம் சொன்னார். மைத்துனன் மைக்கில் அந்த வசனத்தை நன்றாகச் சொல்லிவிட்டால் அப்புறம் தன்னிடம் மிஞ்சுவது சாணி மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும்.

புனித வெள்ளி வந்தது. அரசாங்க விடுமுறை இல்லாததால் பிளாஸ்டிக் கட்சியில் பாதிப்பேர் வயிற்றுவலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு ஆரோக்கியமாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு மேடையிலும் விசாரணை நடந்தது, இரண்டு பேசினிலும் கை கழுவப்பட்டது. மூன்று மணிக்குக் கோயில் முற்றத்தில் இயேசு தலை சாய்த்தார். மரக்கட்டை தட்டினார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்தது. இருளாயி முந்தானையைத் தயாராக எடுத்துக்கொண்டாள். சூசைநாதன் தலைக்கவசத்தைக் கழற்றி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயைத் திறந்தார்.

வேலியோரம் மணி அடித்தது.

போரினால் லாபமடைந்த ஒரே மனிதர் ஐஸ்கிரீம் அப்பேக். ஒரு கூட்டம் இரண்டாகிவிட்டதால், இரண்டுக்கும் நடுவே மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார். இரண்டரை மணிக்கு மணியை வாங்க யாரும் வரவில்லையே என்று அவர்கூட யோசித்தாராம். வாங்க வேண்டியவன் எதிரிப்படைக்குத் தளபதியாகியிருந்தான்.

தொரை தன் வாழ்நாளிலேயே அருமையான தொடக்கத்தை அன்றைக்குத்தான் செய்தது. சூசைநாதன் திறந்த வாயோடு பிடரியைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் மரங்கள் இரு பக்கமும் பறந்தன. தளபதி தாக்குதலுக்குப் போகிறார் என்று நினைத்த மூன்று சிப்பாய்களும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். குதிரை போகிறதே என்று ஐயாவு ஓடினார். எனாமல் பிலாத்து கையில் பேசினோடு ஓடினார். பேசினைத் தனியாக விட்டால் எதிரி எடுத்துக்கொள்வான் என்பது அவர் கவலை. பிறகு கூட்டம் முழுக்க ஓடியது.

பள்ளித் திடலில் சவரிநாதன் ஹோண்டாமேல் கம்பீரமாக உட்கார்ந்து மைக்கைப் பிடித்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் மைக்கில் எஞ்சின்தான் பேசியது. அதை அணைத்தான். வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் மரங்களுக்கு நடுவிலிருந்து தொரை வந்தது. முன்னால் பாதை இல்லை, மேடைதான் இருந்தது. பந்தயம் முடிந்ததென்று எண்ணி, ஹோண்டாவின் பக்கத்தில் வந்து நின்றது. அட்டைக் குதிரையை ஒரு தரம் முகர்ந்து பார்த்தது.

சவரிநாதன் தளபதியைப் பார்த்தான். தளபதியின் வாய் இன்னும் மூடவில்லை.

"மச்சான், வசனம் மறந்துபோச்சு" என்றான் சவரிநாதன். மைக் அதைக் கோப்பெங் வரைக்கும் சொன்னது.

"கொடு இப்படி" என்றார் சூசைநாதன். மைக்கை வாங்கினார். கோயில் முற்றத்தில் இழுத்த காற்று உள்ளேயே இருந்ததோ என்னவோ, அந்த வசனத்தை அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. எனாமல் கட்சி மூச்சிரைக்க வந்து சேர்ந்து அழுதது. பிளாஸ்டிக் கட்சி உட்கார்ந்த இடத்திலேயே அழுதது. ஓடி வந்ததில் முந்தானையை எங்கோ முள்ளில் விட்டுவிட்டு வந்த இருளாயி, லியோனார்டின் ஆளுநர் அங்கியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹோண்டாவை விட்டு இறங்கிய சவரிநாதனையும் சேர்த்து ஐந்து சிப்பாய்களும் பழக்கதோஷத்தில் தளபதியின் பின்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். யார் எந்தக் கட்சி என்பது பிறகுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது. அதற்குள் தாமதமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறே சமாதானப் பேச்சு. ஒப்பந்தப்படி இனி ஒரே பாஸ்கு. பிலாத்து வலக்கையை எனாமல் பேசினிலும் இடக்கையைப் பிளாஸ்டிக் பேசினிலும் கழுவுவார். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு சாமியார் இதற்கு வேத ஆதாரம் தேடிக் களைத்துப்போனார்.

போருக்குப் பிந்தைய காலம் படைக்கு ஒத்துவரவில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பாஸ்கு குனோங் ராபாட் திடலுக்கு, சுண்ணாம்பு மலை அடிவாரத்துக்கு வந்தது. சிப்பாய்களில் ஒருவர் பஸ் டிரைவரானார். இன்னொருவருக்குத் தொப்பை வந்து கவசப்பட்டை எட்டாமல் போனது. 1983இல் தொரை நின்றபடியே தூங்கி, அப்படியே இறந்தது. அவசரமில்லாத குதிரை.

குதிரை இல்லாவிட்டால் தளபதி எதற்கு என்று கமிட்டியில் கேள்வி வந்தது. வசனத்தைக் கேசட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்றார் லியோனார்ட். ஐயாவு சூசைநாதனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். லாயத்தில் இன்னும் நாற்பது குதிரைகள் இருந்தன, எல்லாம் பந்தயத்துக்கு. கேட்டால் தருகிறவர்கள் இல்லை.

கடைசி நாற்காலியிலிருந்து சவரிநாதன் எழுந்தான். "ஹோண்டா இருக்குல்ல. நான் ஓட்டுறேன்."

"அப்போ நீதானப்பா தளபதி. வசனமும் நீயே சொல்லிரு" என்றார் லியோனார்ட்.

"எனக்கு எங்க கிராணி ஞாபகம் நிக்குது. அன்னிக்கு மறந்தது மறந்ததுதான். மச்சான் பின்னால ஒக்காந்து சொல்லட்டும்."

ஒரு மாதம் குளியலறையில் சொல்லிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்கே மனப்பாடமான வசனம் இவனுக்கு மட்டும் எப்படி மறந்தது என்று கெர்ட்ரூட் தம்பியைக் கேட்கவில்லை. அந்த ஞாயிறு மீன் குழம்பில் தலையை மட்டும் அவன் தட்டில் வைத்தார். அது அந்த வீட்டில் சூசைநாதனுக்கு மட்டுமே உரியது. சூசைநாதன் அதைப் பார்த்தார், வால் பகுதியைத் தின்றார்.

அடுத்த புனித வெள்ளி மூன்று மணிக்கு, அட்டைக் குதிரைத் தலை கட்டிய ஹோண்டா, எஞ்சின் அணைக்கப்பட்டு, பஸ் டிரைவரும் தொப்பைக்காரரும் உட்பட நான்கு சிப்பாய்கள் தள்ள, திடலுக்குள் மெல்ல உருண்டு வந்தது. முன்னால் ஓட்டுநர், பின்னால் உரோமைத் தளபதி. கவசம் ஓட்டுநரின் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது.

"சாஞ்சு ஒக்காராதீங்க மச்சான்."

"நான் தளபதி. எப்படியும் ஒக்காருவேன்."

வேலியோரம் சைக்கிளை நிறுத்திய ஐஸ்கிரீம் அப்பேக்குக்கு ஹோண்டா மணிக்குப் பயப்படாது என்பது தெரியும். இருந்தாலும் இரண்டரை மணிக்கே வந்து, மணியைச் சவரிநாதனின் இடுப்பில் செருகிவிட்டுப் போயிருந்தார்.