ஓடுகிறவர் படத்தில் இல்லை

கல்யாண மாப்பிள்ளையிடம் “செத்த நில்லுங்க” என்று சொல்லலாம், கபடி ஆடுகிறவனிடம் சொல்ல முடியாது; என் தொழிலில் பாதி மானம் போனது இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. தொண்ணூறுகளில் பகலெல்லாம் புதுநன்மை, நிக்காஹ், காதுகுத்து என்று ஓடும். ராத்திரியில் சுற்றுவட்டாரக் கபடிப் போட்டிகள். மாலைப் பத்திரிகை ஒன்றுக்கும் படம் கொடுத்து வந்தேன். டியூப் லைட்டை நம்பி ஷட்டரை அமுக்கிவிட்டு, மறுநாள் இருட்டறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்த சக பாவிகளே, நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

வெளிச்சம் யாருக்கு

நாகல் நகர்ப் பக்கம் ஒரு மைதானம். மூங்கில் கம்புகளில் டியூப் லைட் கட்டியிருந்தார்கள். பாதி எரிந்தது, பாதி எரியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. உருப்படியான ஃபோகஸ் லைட் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மேடையில் பொன்னாடை போர்த்திய நன்கொடையாளர்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஆளை ஆள் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டி நடத்துகிறவரிடம் போய், ஒரு லைட்டையாவது ஆடுகளத்தின் பக்கம் திருப்பச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் என்னை விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆடுறவன் இருட்டுலயும் ஆடிருவான் தம்பி. துட்டுக் குடுத்தவரு மொகம் தெரியலேன்னா அடுத்த வருசம் ஆட்டமே கெடையாது.”

எட்டாவது ஆள்

அப்போதெல்லாம் ஃப்ளாஷ் போட்டுத்தான் எடுப்பேன். அந்தக் கொடுப்பினையும் ஒரு ராத்திரியோடு போயிற்று. பேகம்பூர் அணியில் அப்பாஸ் என்று ஒருவர். பகலில் தோல் கிடங்கில் வேலை, ராத்திரியில் கபடி. எதிரணிக்குள் பாடிப் போனார் என்றால், தொட்டது யாரை என்று தொடப்பட்டவனுக்கே தாமதமாகத்தான் தெரியும். அன்றைக்கு எதிரே ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து அணி. அப்பாஸைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். நல்ல கட்டம் என்று நான் அமுக்கினேன். பளீரென்று வெளிச்சம் அடித்ததில் பிடிக்க வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பாஸ் நடந்தே கோட்டுக்குத் திரும்பினார்.

நடுவர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இனிமேல் விசில் ஊதி ஆட்டம் நின்ற பிறகுதான் ஃப்ளாஷ். அடுத்த வாரத்துக்குள் இந்தச் சட்டம் எல்லா மைதானத்துக்கும் பரவிவிட்டது. நல்ல சேதிகள் இவ்வளவு வேகமாகப் பரவி நான் பார்த்ததில்லை. எதிரணிக் கேப்டன் மட்டும் நடுவரிடம் போகாமல் நேரே என்னிடம் வந்தார். கோபப்படவே இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க, அவங்க பக்கம் ஏழு பேருன்னுதானுங்க சொன்னாங்க. நீங்க எட்டாவதுங்களா?”

சாம்பிராணி

ஃப்ளாஷ் இல்லாமல் அந்த வெளிச்சத்தில் எடுப்பதென்றால் ஷட்டரை நிதானமாகத்தான் திறந்து மூட வேண்டும். அதற்குள் ஓடுகிறவன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடுவான். நிற்கிறவன் மட்டும் கல்லில் செதுக்கியதுபோல வருவான். ஆகவே அப்பாஸை நான் எத்தனை முறை எடுத்தாலும் அவர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல்தான்.

அவர் விடவில்லை. ஸ்டுடியோவுக்கே வந்து கேட்டார். அவர் வீட்டுப் பெண்கள் ராத்திரி ஆட்டத்துக்கு வருகிற வழக்கமில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி ஜமீலா அவர் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். “நான் ஆடுற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணே, போதும்” என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. இருந்ததிலேயே தேவலாம் என்று ஒன்றைப் பெரிசாகப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே வந்து நின்றார்.

“பிடிக்கிறவங்க அம்புட்டுப் பேரும் தெளிவா நிக்கிறாங்களாம். நடுவுல யாரு சாம்பிராணி போட்டதுன்னு ஜமீலா கேக்குறாண்ணே.”

நட்சத்திர வீரர்

அதே அணியில் அமல்ராஜ் என்று ஒரு பையன், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. மூலையில் நிற்பான். பந்தல்கால்கூடக் காற்றில் கொஞ்சம் ஆடும், அவன் ஆடமாட்டான். அதனால் என் படங்களில் அவன் மட்டும் மீசை முடி தெரிகிற அளவுக்குத் துல்லியமாக வருவான். பத்திரிகைக்காரர் முகம் தெரிகிற படம்தான் வேண்டும் என்பார். வாராவாரம் அமல்ராஜ் வந்தான். பேகம்பூர் அணி ஜெயித்தாலும் அமல்ராஜ், தோற்றாலும் அமல்ராஜ்.

ஊர் நம்பிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அப்பாஸ் கூட்டத்தோடு நின்று கைதட்டினார். அந்த வாரமே அமல்ராஜ் முகம் வாடி ஸ்டுடியோவுக்கு வந்தான்.

“அடுத்த மேட்சுல என்னையப் பாடிப் போகச் சொல்றாகண்ணே. ஓடுனா படத்துல வரமாட்டேனே, நீங்க கோச்சுகிட்ட செத்த சொல்லுங்களேன்.”

புதுக் கேமரா

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் டிஜிட்டல் கேமரா வந்தது. இனி எல்லாக் குறையும் தீர்ந்தது என்று விற்றவர் சத்தியம் செய்தார். கடன்பட்டு வாங்கி, முதல் வேலையாக அப்பாஸுக்காகவே ஓர் ஆட்டத்துக்குப் போனேன். அந்தக் கேமராவுக்கு ஒரு குணம்: பொத்தானை அமுக்கினால் உடனே எடுக்காது. கொஞ்சம் யோசிக்கும், ஒரு முனகு முனகும், பிறகுதான் எடுக்கும். அப்பாஸ் பாடிப் போய், தொட்டு, திரும்பி வந்து, வேட்டியை எடுத்துத் தோளில் போட்ட பிறகு ஷட்டர் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆசையாக ஓடிவந்து கேமராவின் பின்பக்கத்தில் எட்டிப் பார்த்தார். படத்தில் மண் இருந்தது, கோடு இருந்தது. ஆளில்லை.

“முன்னாடி சாம்பிராணியாச்சும் இருந்துச்சுண்ணே.”

தெளிவான படம்

பழைய ஃபிலிம் கேமராவையே மறுபடி தூசி தட்டி எடுத்தேன். சிறுமலை அடிவாரத்து ஊரில் ஒரு போட்டி. பாடிப் போன அப்பாஸை நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். எழுந்தபோது மூன்று பேர்தான் எழுந்தார்கள், நாலாமவன் அவர் முழங்காலின் மேல் கிடந்தான். நடுவர் விசில் ஊதினார். விசில் ஊதினால் ஃப்ளாஷ் போடலாம் என்று பழகிய விரல், நான் சொல்லாமலே அமுக்கிவிட்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது, இனிமேல் ஆட்டத்தை நினைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

படத்தைக் கழுவிப் பார்த்தேன். அப்பாஸை அவ்வளவு தெளிவாக நான் எடுத்ததே இல்லை. நெற்றி வேர்வை, பல்லைக் கடித்த தாடை, பனியனில் ஒட்டிய மண், எல்லாம் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று பல நாள் குழம்பி, கேட்ட மனுஷனுக்குக் கடைசியில் ஒன்றாவது கொடுப்போம் என்று பேகம்பூருக்கு எடுத்துப் போனேன். கட்டுப்போட்ட காலைத் தலையணையில் ஏற்றிக் கட்டிலில் கிடந்தார். படத்தைப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். ஜமீலா கையிலிருந்த டீ டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கலங்கலாக எடுத்ததையெல்லாம் இன்னும் வைத்திருக்கிறேனா என்று கேட்டார். ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கிறது, ஒன்றிலும் ஆள் தெரியாதே அம்மா என்றேன்.

“தெளிவாத்தான் இவரு பொழுதுக்கும் என் கண்ணு முன்னாடி கெடக்காருல்லண்ணே. எனக்கு இவரு ஓடுறதக் குடுங்க.”

ஆக, இத்தனை வருஷம் ராத்திரி ஆட்டங்களை எடுத்ததில் எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் ஒன்றுதான்: துல்லியமான படம் என்பது, அசையாதவர்களுக்குக் கிடைக்கிற ஆறுதல் பரிசு.